குளியலறை வடிகாலும் அருவருப்பின்மையும்



முனிவர்க்குரிய மூலகுணங்கள் 28 என்பதும், அவற்றுள் நீராடாமை ஒன்று என்பதும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. நீராடாத முனிவர்க்குக் குளியலறை இல்லை. குளியலறை இல்லாதவர்க்கு வடிகால் இல்லை. இல்லறத்தாராகிய நமக்கோ இரண்டும் உண்டு. ஆகவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் முற்றிலும் இல்லறத்தார்க்கே உரிய பொருள். குளியலறை வடிகாலை நாமே கழற்றித் துப்புரவு செய்வது எவ்வாறு, அதனை நாமே செய்தல் ஏன் வேண்டும் என்பதே அது. அறம் பேசும் ஏட்டில் சாக்கடைப் பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தச் சுளிப்பைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

வடிகாலை அடைப்பது யாது என்பதை முதலில் காண்போம். ஒருவர் தலையிலிருந்து நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை இயல்பாகவே உதிர்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி தலைக்கு நீராடும்போது நீரோடு செல்கின்றது. முடி தனித்துச் சென்றால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் அதனுடன் எண்ணெய்க் குளியலின் எண்ணெய் செல்கின்றது, சீயக்காய்த் தூளின் சக்கை செல்கின்றது, கடலைமாவு செல்கின்றது, சவர்க்காரம் செல்கின்றது. நம் ஊர்க் கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கால்சியம், மெக்னீசியம் முதலிய உப்புகள் மிகுதி. அவை சவர்க்காரத்தோடு கூடும்பொழுது நீரில் கரையாத வெண்மையான பிசுக்கு ஒன்று உண்டாகின்றது. வாளியின் உட்புறத்தில் வளையமாகப் படிந்திருக்கும் அப்பிசுக்கை அறியாத பெண்மணி இல்லை. அதுவே முடியையும் சக்கையையும் ஒன்றாகப் பிணைத்து, கயிறுபோல் திரித்து, குழாயின் உட்சுவரில் ஒட்டவைக்கின்றது. எண்ணெய் பூசிய மேனியில் புழுதி ஒட்டுவதைக் காட்டி, கஷாயத்தால் வினை ஒட்டுவதைப் பெரியோர் விளக்குவர். வடிகாலை வைத்தும் ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்று வரிசையாக விளக்கிவிடலாம். சொற்பொழிவாளர்க்கு அது எளிது. ஆனால் உவமை சொல்லிவிட்டு எழுந்து போனால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். ஆதலின் உவமையை இத்துடன் நிறுத்துகிறேன்.

குளியலறைத் தரையின் மூலையில் துளையுள்ள தட்டு ஒன்று பதித்திருக்கும். அதன் கீழே உள்ள கிண்ணம் போன்ற அமைப்பைக் குழாய்ப் பணியாளர் 'நஹானி டிராப்' என்பர். அக்கிண்ணத்தில் ஏறத்தாழ 2 அங்குல உயரத்திற்கு எப்பொழுதும் நீர் நிற்கும். அடைப்பினால் நிற்கும் நீரன்று அது. நிற்கவேண்டும் என்று நிறுத்தப்பட்ட நீர். கழிவுக் குழாயிலிருந்து தீய வாயு வீட்டினுள் புகாமல் தடுக்கும் கதவு அந்த நீர்தான். வளைந்த குழாயில் நீரை நிறுத்தி நாற்றத்தைத் தடுக்கும் இவ்வமைப்பிற்கு இங்கிலாந்தில் 1775ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர். கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிச் சென்று திரும்பியவுடன் குளியலறையில் தீநாற்றம் வீசுமாயின், அந்நீர் வற்றிவிட்டது என்று பொருள். ஒரு செம்பு நீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும். அதற்கு வாசனைத் திரவம் வாங்கி வந்து தெளிப்பவரைக் கண்டிருக்கிறேன்.

இனி, அடைப்பு ஏற்பட்டவுடன் நம் இல்லங்களில் நிகழ்வதைப் பார்ப்போம். முதல் வாரத்தில் நீர் மெதுவாக வடிகின்றது, எவரும் பொருட்படுத்துவதில்லை. அடுத்த வாரத்தில் குளித்து முடிப்பதற்குள் கணுக்கால் நனைய நீர் நிற்கின்றது. ஒருவரை ஒருவர் நோக்குகின்றனர். மூன்றாம் வாரத்தில் வீட்டுத் தலைவர் கடைக்குச் சென்று 'ஆசிட்' புட்டி ஒன்றோ, அடைப்பு நீக்கும் பொடி ஒன்றோ வாங்கி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்துகின்றார். அதுவும் பயன் தரவில்லையெனில், "ஆளைக் கூப்பிடு" என்கின்றார். புட்டி, ஆள் ஆகிய இவ்விரண்டுமே நாம் அறிந்த மருந்துகள். இரண்டிற்கும் வேர் ஒன்றே. நம் உடம்பினின்று கழிந்ததை நம் கண்ணால் பார்க்கவும் நம் கையால் தொடவும் நமக்குள்ள அருவருப்பே அவ்வேர்.

புட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். தேங்கிய அழுக்கு உயிரற்ற பொருளன்று. ஈரமும் அழுக்கும் சேருமிடத்தில் தாய் தந்தையரின்றிச் சம்மூர்ச்சனப் பிறவியாக உயிர்கள் தோன்றும் என்று ஆகமம் கூறுகின்றது. கண்ணுக்குத் தெரிவனவும் உள. குளியலறைச் சுவரில் சிறு அந்துப்பூச்சி போல, இறகை விரித்து, உடலெங்கும் நுண்மயிர் கொண்டு அசையாது அமர்ந்திருக்கும் சிற்றீயைக் கண்டிருப்பீர்கள். அது முட்டையிடுவது வடிகாலின் வழவழப்பான படலத்தில்தான். முட்டையிலிருந்து வரும் புழு அப்படலத்தையே உண்டு வளர்ந்து, சில வாரங்களில் ஈயாகி வெளிவருகின்றது. புழு இரண்டறிவுயிர், ஈ நான்கறிவுயிர். நம் சோம்பலால் அவற்றிற்கு வீடு கட்டிக் கொடுத்து, அவை குடும்பத்தோடு குடியேறிய பின்னர் மேலிருந்து அமிலம் பொழிகின்றோம். பருகும் நீரைத் துணியால் வடிகட்டி, துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீரிலேயே திரும்ப விடும் மரபில் வந்தவர்கள் நாம். சமையலறையில் அவ்வளவு கவனம். நாலடி தள்ளி, குளியலறையில் அமிலம்!

இல்லறத்தார் செய்யும் வீட்டு வேலைகளில் உயிர்க்கு ஊறு நேர்வதை ஆரம்பி இம்சை என்பர். அதனை முற்றிலும் விலக்குதல் நம்மால் இயலாது என்பதனை ஆன்றோரும் ஒப்புக்கொண்டனர். பெருக்கினாலும் மெழுகினாலும் சமைத்தாலும் சிறிதளவு நேரவே செய்யும். ஆனால் கருத்தின்மையால் விளையும் தீங்கிற்கு இந்தச் சலுகை இல்லை. பிரமாதம் என்று வடமொழியில் கூறப்படும் அக்கருத்தின்மையே இம்சையின் உயிர்நிலை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கொள்கை. பயனின்றி நீரைக் கொட்டுதலையும் மண்ணைத் தோண்டுதலையுங்கூட அநர்த்த தண்டத்தில் வைத்து இரத்தின கரண்டக சிராவகாசாரம் விலக்கியது. பத்து நிமிடத்தில் கையால் எடுக்கக்கூடிய முடித்திரளுக்காக ஒரு புட்டி அமிலத்தைச் செலவழிப்பதனை எதில் வைப்பது? நீங்களே கூறுங்கள்.

அமிலத்தின் தீங்கு அவ்வுயிர்களோடு நிற்பதுமில்லை. நான் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தியவள்; ஆதலின் இதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். கடையில் விற்கும் பொடி பெரும்பாலும் எரிசோடா. அதனுடன் அலுமினியத் துணுக்குகள் கலந்திருப்பதும் உண்டு. நீர் பட்டவுடன் கொதித்துப் பொங்குவது இதனால்தான். எரிசோடா முடியைக் கரைக்க வல்லது, உண்மையே. நம் கையின் தோலையும் விழியையும் அது அவ்வாறே கரைக்கும். பொடி போட்டும் பயனில்லை என்று அதன்மேலேயே அமிலம் ஊற்றினால், கலவை வெடித்துச் சிதறுவதுபோல் முகத்தில் தெறிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் அமிலம் ஊற்றினால் குளோரின் வாயு எழும். நெடுநாள் அழுகிய கழிவில் அமிலம் ஊற்றினால், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். கதவு சாத்திய சிறு குளியலறையில் இவற்றுள் எதுவும் விளையாட்டன்று. பெண்கள்மீது அமிலம் வீசும் கொடுமையைத் தடுப்பதற்காக, கடைகளில் அமிலம் விற்பதற்கு 2013ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது. வாங்குபவர் அடையாளச் சான்றும் காரணமும் காட்டுதல் வேண்டும். அத்தகைய பொருளை நாம் குழந்தைகள் குளிக்கும் அறையின் மூலையில் துடைப்பத்தோடு சாய்த்து வைத்திருக்கின்றோம்.

இனி 'ஆளை' எடுத்துக்கொள்வோம். இதனைக் கூறவே நான் எழுத முற்பட்டேன்.

நம் வீட்டு வடிகாலில் நாம் விட்ட முடிச்சிக்கும், குழாயில் தள்ளிவிட்ட துணிக்கந்தலும், மாதவிலக்குக் காலத்துப் பஞ்சணையும் மறைந்துபோவதில்லை. நம் கண்ணுக்கு மறைகின்றன, அவ்வளவே. அவை வாசற்புறத் தொட்டியில் சேர்கின்றன; அங்கிருந்து தெருவின் அடியில் செல்லும் பாதாளச் சாக்கடையில் சேர்கின்றன; அல்லது நம் வீட்டு மலக்குழியில் சேர்கின்றன. அங்கே அடைத்துக்கொண்டால் அதனை எடுக்க மனிதர் ஒருவர் வரவேண்டும். மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் தேங்கும் அதே ஹைட்ரஜன் சல்பைடு வாயுவிற்குக் கொடிய இயல்பு ஒன்று உண்டு. செறிவு மிகும்பொழுது அது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி இறங்கியவர் மூச்சடைத்து விழுகின்றார். அவரைத் தூக்க இறங்கிய மற்றவரும் விழுகின்றார். ஒரே குழியில் இருவர் மூவர் இறந்தனர் என்று நாளிதழில் நாம் படிக்கும் செய்திகளின் காரணம் இதுவே.

மனிதர் கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது போதாதென்று 2013இல் மற்றொரு சட்டம் வந்தது; உரிய பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவது அச்சட்டப்படி குற்றம். அவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்தவேண்டிய நிலை ஏன் வந்தது? சட்டம் வந்த பின்னும் சாவு நிற்கவில்லை. இறந்தோர் எந்தக் குலத்தவர் என்று நான் எழுதவேண்டியதில்லை. நீங்கள் அறிவீர்கள்.

எறும்பை மிதியாது நடக்கப் பிள்ளைக்குக் கற்பிக்கும் தாய், மனத்தோடு கூடிய ஐந்தறிவுயிராகிய ஒரு மனிதரைத் தன் வீட்டு அழுக்கினுள் இறங்கச் சொல்வது எங்ஙனம் பொருந்தும்? "கூலி கொடுத்துவிட்டோமே" என்பது விடையாகாது. இறைச்சி வாங்குபவனும் விலை கொடுத்துத்தான் வாங்குகின்றான். அவன் கொல்லவில்லையே என்று நாம் அவனுக்கு விலக்களிப்பதுண்டோ?

நற்காட்சியின் எட்டு அங்கங்களில் மூன்றாவது நிர்விசிகிச்சை. அருவருப்பின்மை என்று அதனைத் தமிழில் கூறலாம். இவ்வங்கத்திற்கு எடுத்துக்காட்டாக நின்றவன் உத்தாயன மன்னன். கதை நாம் கேட்டதே. எனினும் ஒருமுறை கூர்ந்து கேட்போம். தேவர் சபையில் இம்மன்னனின் அருவருப்பின்மை போற்றப்பட்டது. அதனைச் சோதிக்க எண்ணிய ஒரு தேவன் தொழுநோய் கொண்ட முனிவர் வடிவில் அரண்மனைக்கு வந்தான். மன்னன் எதிர்கொண்டு வணங்கி, தேவி பிரபாவதியோடு நின்று உணவளித்தான். உண்ட முனிவர் உண்டதனைத்தையும் அங்கேயே கக்கினார். தாங்கொணா நாற்றம் எழுந்தது. ஏவலர் ஓடிவிட்டனர். மன்னனும் தேவியும் நின்றனர். தேவியின் மீதே மீண்டும் கக்கினார் முனிவர். அப்பொழுதும் மன்னன் முகம் மாறவில்லை. "உடலுக்கு ஒவ்வாத உணவைக் கொடுத்துவிட்டோமே" என்று தன்னையே நொந்து, நீர் கொணர்ந்து, தன் கையாலேயே முனிவரின் மேனியைக் கழுவினான். தேவன் தன் உருக்காட்டிப் பணிந்து சென்றான்.

இக்கதையை வகுப்பில் சொல்லும்பொழுது பிள்ளைகள் தேவன் உருமாறும் இடத்தைத்தான் மிகவும் விரும்புவர். எனக்கு நெஞ்சில் தைப்பது வேறோரிடம். ஓடியவர்களை மன்னன் திரும்ப அழைக்கவில்லை. அரண்மனையில் ஆளுக்குப் பஞ்சமா? "வந்து கழுவுங்கள்" என்று ஒரு சொல் சொன்னால் நூறுபேர் வந்திருப்பர், அச்சத்தினாலாவது. தனக்கு அருவருப்பில்லாத ஒருவன் அப்பணியைப் பிறர் தலையில் ஏற்றவேண்டிய தேவையே இல்லை. அருவருப்பு உள்ளவனுக்குத்தான் ஆள் தேவைப்படுகின்றது.

கற்றறிந்த அன்பர் ஒருவர் இங்கே தடை எழுப்பக்கூடும்: "மும்மணிகளால் தூய்மை பெற்ற முனிவரின் உடலைப் பற்றியன்றோ அவ்வங்கம் பேசுகின்றது? சாக்கடையை அதனோடு ஒப்பிடலாமா?" தடை நேர்மையானதே. வடிகாலை வணங்குங்கள் என்று நான் கூறவில்லை. உடம்பு இயல்பிலேயே தூய்மையற்றது, அதன் கழிவைக் கண்டு வெறுப்பதிலும் மருள்வதிலும் பொருளில்லை என்பது அவ்வங்கத்தின் அடிப்படை. அசுசி அனுப்பிரேட்சையும் அதனைத்தானே நாள்தோறும் நினைக்கச் சொல்கின்றது? காலையில் மல்லிகை சூடிய கூந்தலும் மாலையில் வடிகாலில் கிடக்கும் முடியும் வேறு வேறன்று. தலைமேல் இருந்தவரை சீவிச் சிங்காரித்தோம். தரையில் விழுந்தவுடன் தொட மறுக்கின்றோம். முனிவர் கேசலோசம் செய்யும்பொழுது தம் முடியைத் தம் கையாலேயே பறித்து நீக்குகின்றார். பிறர் உதவியைச் சாராமையும், முடியில் உயிர்கள் தங்கவிடாமையும் அதன் நோக்கங்கள். உதிர்ந்துபோன முடியை எடுக்கக்கூட நமக்குப் பிறர் கை வேண்டியிருக்கின்றது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் விடுதிக் குளியலறைகளை மாணவியராகிய நாங்களே முறைவைத்துத் துப்புரவு செய்தோம். வடிகால் முறை வரும் நாளில் பெண்கள் பலர்க்குத் தலைவலி வந்துவிடும். எங்கள் விடுதிக் காப்பாளர் அம்மையார் திட்டமாட்டார். தாமே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டைக் கழற்றுவார். "உங்கள் தலையில் இருந்ததுதானே, எடுத்துத் தருகிறேன், யாருடையது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்பார். அதன்பின் எவருக்கும் தலைவலி வந்ததில்லை. கற்பித்தல் முறை பற்றிய பாடநூல்கள் பல படித்தேன், பெரும்பாலானவை மறந்துபோயின.

இனிச் செய்முறை. பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். இரவுண்ணாமைக்குக் கூறப்படும் காரணமே இதற்கும் பொருந்தும். உயிர்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். தரை சற்று உலர்ந்த நேரம் நன்று. இரப்பர்க் கையுறை அணிந்து, சன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள். முன்னரே அமிலமோ பொடியோ ஊற்றியிருந்தால் அன்று கழற்றவே கூடாது. நிறைய நீர் விட்டு வேறொரு நாளைக்கு வையுங்கள். துளைத்தட்டை இரண்டொரு முறை மெல்லத் தட்டிச் சற்றுப் பொறுங்கள். உள்ளே ஒண்டியிருக்கும் பூச்சிகள் வெளியேற அந்நேரம் போதும். முனிவர் அமருமுன் மயிற்பீலியால் இடத்தை மெல்ல வருடுவதை நினைவில் கொள்ளுங்கள். பின்னர்த் திருகாணி இருப்பின் அதனைக் கழற்றி, தட்டைத் தூக்குங்கள். துருப்பிடித்து இறுகிய திருகாணியில் இரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு ஒருநாள் விட்டால் இளகிவிடும்; உளியால் அடிக்காதீர்கள், ஓடு பிளந்துவிடும்.

தட்டின் கீழே கவிழ்த்த கிண்ணம் ஒன்றோ, தூக்கி எடுக்கத்தக்க குவளை ஒன்றோ இருக்கும். அதனைத் திருகியோ நேராக இழுத்தோ எடுக்கலாம். முடித்திரள் பெரும்பாலும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கையால் ஒரே இழுப்பில் வந்துவிடும். எத்தனை நாள் அஞ்சிய வேலை இவ்வளவுதானா என்று வியப்பீர்கள். கிண்ணத்தின் அடியில் படிந்த சீயக்காய்ச் சக்கையையும் மணலையும் பழைய கரண்டியால் வழித்தெடுங்கள். குழாயின் வாயில் விரல் எட்டும் தொலைவிற்கு அப்பால் உள்ளதை, நுனியைக் கொக்கிபோல் வளைத்த கம்பியால் மெல்ல இழுங்கள். உள்ளே குத்தித் தள்ளலாகாது. தள்ளினால் அடைப்பு நம் வீட்டிலிருந்து தெருவிற்குப் போகும், அவ்வளவே. தட்டிலும் கிண்ணத்திலும் உள்ள வெண்பிசுக்கைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். கொதிநீர் ஊற்றலாமா என்று கேட்பவர் உண்டு. வேண்டா. குழாயினுள் இருக்கும் உயிர்களுக்கு அமிலமும் கொதிநீரும் ஒன்றே. பிளாஸ்டிக் குழாயின் இணைப்பிற்கும் கேடு.

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளின் வீடுகளிலும், சென்னையில் சில அடுக்குமாடி வீடுகளிலும் குளியல் தொட்டி உண்டு. அதன் வடிகால் சற்றே வேறுபட்டது. தொட்டியின் அடியில் உள்ள மூடி பல வகைப்படும். குமிழைத் தூக்கித் திருப்பும் வகையில், குமிழை இடப்புறம் திருகினால் கழன்றுவரும். சிலவற்றில் குமிழின் பக்கத்தில் சிறு திருகாணி ஒன்று மறைந்திருக்கும். காலால் அழுத்தித் திறக்கும் வகையிலும் மேல்மூடியைப் பிடித்து இடப்புறம் திருகுவதே முறை. தொட்டியின் பக்கச் சுவரில் நெம்புகோல் உள்ள வகையில், அந்நெம்புகோல் பதித்த தட்டின் இரு திருகாணிகளையும் கழற்றி, தட்டோடு சேர்த்து உள்ளிருக்கும் கம்பியை மெதுவாக மேலே இழுக்கவேண்டும். கம்பியின் நுனியில் உள்ள சுருளிலும் முடி சுற்றியிருக்கும். திருகாணிகளைக் கழற்றுமுன் அடித்துளையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். திருகாணி உள்ளே விழுந்தால் அதன்பின் ஆளைத்தான் அழைக்கவேண்டும். கம்பியின் நீளத்தை முடுக்கும் மறையை அசைக்காதீர்கள். அசைத்தால் மூடி மீண்டும் சரியாக மூடாது. மூடியை எடுத்தபின் துளையினுள் நோக்கினால் சிலுவைபோல் குறுக்குச் சட்டம் தெரியும். முடியெல்லாம் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும். கம்பிக் கொக்கியாலோ மூக்கு நீண்ட குறடாலோ பிடித்து இழுத்தால் முழம் நீளத்திற்கு வரும். என் உறவுப் பெண் ஒருத்தி அயல்நாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்து, இருபது நிமிடம் நான் சொல்லச்சொல்லச் செய்து முடித்தாள். குழாய்ப் பணியாளர் வீட்டு வாசலை மிதிப்பதற்கே அங்கே பெருந்தொகை வேண்டுமாம். அங்கேயாவது செலவுக்கு அஞ்சி நம் பெண்கள் இவ்வேலையைக் கற்கின்றனர்.

எடுத்த அழுக்கை என்ன செய்வது? ஐவகைச் சமிதிகளில் ஐந்தாவதாகிய உற்சர்க்க சமிதி, கழிவை உயிரில்லாத உலர்ந்த இடத்தில் பார்த்து இடவேண்டும் என்கின்றது. முனிவர்க்கு வகுத்ததாயினும் இல்லறத்தார்க்கும் வழிகாட்டி அது. முடித்திரளைக் கழிவறையில் போட்டு நீர் விடுவது, எடுத்த அடைப்பை இன்னும் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதேயாகும். பழைய செய்தித்தாளில் பரப்பி, அதில் ஊரும் உயிர்கள் இருந்தால் ஈரமான நிழலிடத்தில் சற்று விலகிச் செல்ல விட்டு, பின்னர் உலர்த்தி மடித்து, மட்காத குப்பையோடு தனியே கொடுங்கள். சக்கையும் மணலும் செடியின் அடியில் சேரலாம். மாதவிலக்குப் பஞ்சணையையும் அவ்வாறே தாளில் பொதிந்து, சிவப்பு மையால் குறியிட்டுத் தனியே கொடுங்கள். இதனை வெளிப்படையாக எழுதலாமா என்று ஆசிரியர் குழுவினர் தயங்கலாம். குப்பையைக் கையால் பிரிக்கும் பெண்மணிக்குத் தயங்க வாய்ப்பில்லை.

எத்தனை நாளுக்கொரு முறை? குளித்து முடித்தவுடன் தட்டின் மேல் தங்கிய முடியை நாள்தோறும் குளித்தவரே எடுத்துவிடவேண்டும். மகனாயினும் மருமகளாயினும் மாமனாராயினும் விதி ஒன்றே. கிண்ணத்தைப் பதினைந்து நாளுக்கொரு முறை கழற்றினால் படலம் தடிப்பதற்கோ புழு குடியேறுவதற்கோ இடமில்லை. சதுர்த்தசிக்கு முதல்நாளாகிய திரயோதசியில் செய்வது என் வழக்கம். நோன்பு நாளில் வீட்டு வேலையைக் குறைத்துக்கொள்ள அது உதவும். நாள் மறவாமலும் இருக்கும். முட்டி வலியால் குனிய இயலாத என்னைப் போன்ற முதியோர், சிறு முக்காலியில் அமர்ந்து பேரப்பிள்ளைகளைச் செய்யச் சொல்லலாம். ஆண் பிள்ளைகளை முதலில் அழையுங்கள். முடிந்ததும் மூடியைப் பொருத்தி, ஒரு செம்பு நீர் ஊற்றிக் கிண்ணத்தில் நீர் நின்றதா என்று பார்க்க மறவாதீர்கள்.

நம் கைக்கு எட்டாத அடைப்பும் உண்டு. வாசற்புறத் தொட்டிக்கு அப்பால் குழாய் உடைந்திருக்கலாம், மரவேர் புகுந்திருக்கலாம். மலக்குழி நிறைந்திருக்கலாம். அப்பொழுது நீண்ட சுருள்கம்பியும் உறிஞ்சும் வண்டியும் கொண்டு வருவோரை அழையுங்கள். "உள்ளே இறங்கி எடுத்துவிடுகிறேன் அம்மா, கூடக் கொடுங்கள்" என்று வருபவரே கூறினாலும் உடன்படாதீர்கள். அவருடைய வறுமை அவ்வாறு பேசச் செய்கின்றது. கருவியால் செய்யும் பணிக்குக் கேட்ட கூலியைப் பேரம் பேசாது கொடுங்கள். பணி முடிந்ததும் கைகால் கழுவ நீரும் சவர்க்காரமும் எடுத்து வைத்து, நீங்கள் பருகும் குவளையிலேயே பருக நீர் கொடுங்கள். நம் வீடுகள் சிலவற்றில் இதற்கென்றே ஒரு குவளை கொல்லைப்புறத் திண்ணையில் தனியே கவிழ்த்து வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அதனை இன்றே எடுத்துவிடுங்கள்.